ஹோம்ப்ரூவைச் சுத்தம் செய்யும் முன் பேக்கப் எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹோம்ப்ரூ என்பது மேக்கில் ப்ரோக்ராம்களை டெர்மினலிலிருந்து நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி, சுருக்கமாக ப்ரூ. போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு போன் வந்தது. எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த விருதுநகர்ப் பையன். பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜி விடுதியில் இருக்கிறான். “அக்கா, டிஸ்க் ஃபுல்லுன்னு காட்டுச்சு. ப்ரூவை மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். ப்ரூஃபைல் எடுத்து வச்சிருந்தேன், எல்லாம் திரும்ப வந்துடுச்சு. ஆனா போஸ்ட்கிரெஸ்ல ஒரு டேபிள்கூட இல்லக்கா” என்றான். போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸில் இரண்டு மாதமாக அவன் உட்கார்ந்து சேர்த்த சோதனை டேட்டா. அது திரும்ப வரவே இல்லை.

அவன் அலட்சியமாக இருந்தான் என்று சொல்ல மாட்டேன். பேக்கப் எடுத்துத்தான் வைத்திருந்தான். எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ப்ரூஃபைல் என்பது நிறுவியவற்றின் பெயர்ப் பட்டியல், மளிகைக் கடைக்கு எழுதும் சீட்டு மாதிரி. சீட்டு கையில் இருந்தால் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் மறுபடி வாங்கிவிடலாம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் அந்தச் சீட்டில் இருக்காது, எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கள் டேட்டாபேஸ், நீங்கள் திருத்திய செட்டிங் ஃபைல்கள், எப்போதோ ‘பின்’ செய்து (அப்கிரேட் ஆகாமல் பூட்டி) வைத்த பழைய வெர்ஷன் எல்லாம் ஊறுகாய் வகை. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான்.

ஒரு சொல்: கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். கோடு, புள்ளி, சாய்வுக்கோடு போன்ற குறிகளை இருக்கிற மாதிரியே போடுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நேரம். முழு வேலைக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மடிவாளாவில் ஊருக்கு பஸ் பிடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் தொடங்க வேண்டாம். பாதியில் மூடிவிட்டுப் போனால் திங்கள்கிழமை எந்தப் படி வரை வந்தோம் என்பது நினைவிருக்காது. எடுக்காததை எடுத்துவிட்டதாக நினைத்து அழிப்பது அப்படித்தான் நடக்கிறது.

அடுத்து, ஒரு வெளி டிஸ்க். இதன் ஃபார்மேட் முக்கியம். எஸ்பி ரோட்டில் வாங்கிய பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அதில் எழுத முடியாது, பிரதி எடுப்பது பாதியில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், தானாக அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் இருந்தால் போதும், ஆனால் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடக் கூடாது. காரணம் 8-வது படியில் வருகிறது.

ஆபீஸ் லேப்டாப் என்றால் வெளி டிஸ்க் செருக அனுமதி உண்டா என்று ஐடி அணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளூர் டேட்டாபேஸில் வாடிக்கையாளர்களின் உண்மை விவரம் ஏதாவது இருந்தால் அது சொந்த டிஸ்குக்குப் போகவே கூடாது.

கடைசியாக, எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்:

டியூ -எஸ்ஹெச் /ஆப்ட்/ஹோம்ப்ரூ

2. அப்டேட், அப்கிரேட் இரண்டையும் தொடாதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். “எல்லாத்தையும் லேட்டஸ்ட் ஆக்கிட்டு அப்புறம் பேக்கப் எடுக்கலாம்” என்று ப்ரூ அப்கிரேடை ஓட்டிவிடுகிறார்கள். அப்கிரேட் முடிந்ததும் பழைய வெர்ஷன்களை ஹோம்ப்ரூ தானாகவே நீக்கிவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வெர்ஷன் எது என்ற தடயமே அத்தோடு போய்விடும். பேக்கப் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் நிலையை அப்படியே பிடித்து வைப்பது. மாற்றிவிட்டு எடுத்தால் மாற்றியதைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்காமலேயே சில கட்டளைகள் அப்டேட்டையும் சுத்தப்படுத்துதலையும் தொடங்கிவிடும். அவற்றை இந்த வேலை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். வேரியபிள் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில்:

எக்ஸ்போர்ட் ஹோம்ப்ரூ_நோ_ஆட்டோ_அப்டேட்=1
எக்ஸ்போர்ட் ஹோம்ப்ரூ_நோ_இன்ஸ்டால்_க்ளீனப்=1

இவை அந்த ஒரு டெர்மினல் விண்டோவுக்கு மட்டுமே பொருந்தும். விண்டோவை மூடித் திறந்தால் மறுபடி கொடுக்க வேண்டும். இடையில் டீ குடிக்கப் போய் வந்து புது விண்டோவில் தொடர்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

3. உங்களிடம் இருப்பது எந்த ஹோம்ப்ரூ?

ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூ ஃபோல்டரில் இருக்கும். இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கல். பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட் மூலம் எம்1, எம்2 மேக்குக்கு மாறியவர்களிடம் இரண்டுமே இருக்க வாய்ப்பு உண்டு. பழையது ரொசெட்டா வழியாக (இன்டெல் ப்ரோக்ராம்களைப் புதிய மேக்கில் ஓட்டும் ஆப்பிளின் மென்பொருள்) ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது.

ப்ரூ --ப்ரிஃபிக்ஸ்
விச் -ஏ ப்ரூ

இரண்டாவது கட்டளை இரண்டு வரி காட்டினால் இரண்டு ஹோம்ப்ரூ இருக்கிறது. அப்படியானால் 4 முதல் 8 வரையுள்ள படிகளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். வெறுமனே ப்ரூ என்று டைப் செய்தால் முதலில் வருவதுதான் பேசும். மற்றதுடன் பேச, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/ப்ரூ என்று முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. /யூஎஸ்ஆர்/லோக்கல் முழுவதும் ஹோம்ப்ரூவுக்குச் சொந்தமானது இல்லை. டாக்கர் போன்றவையும் அங்கே தங்கள் கோப்புகளை வைக்கும். “இன்டெல் ப்ரூ இனிமே வேண்டாம்” என்று அந்த ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

4. பட்டியல்களை எழுதி வைப்பது

முதலில் ஒரு ஃபோல்டர்:

எம்கேடிர் ~/ப்ரூ-பேக்கப்
சிடி ~/ப்ரூ-பேக்கப்

அப்புறம் ப்ரூஃபைல்:

ப்ரூ பண்டில் டம்ப் --டிஸ்க்ரைப் --ஃபைல்=ப்ரூஃபைல்

--டிஸ்க்ரைப் கொடுத்தால் ஒவ்வொரு பெயருக்கு மேலும் அது என்ன என்று ஒரு வரி விளக்கம் வரும். பின்னால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசிக்கும்போது அந்த வரி ரொம்ப உதவும்.

ப்ரூஃபைலில் பெயர்கள் இருக்கும், வெர்ஷன் எண் இருக்காது. திரும்ப நிறுவும்போது அன்றைக்கு எது புதிதோ அதுதான் வரும். அதனால் இவற்றையும் எடுத்து வையுங்கள்:

ப்ரூ லிஸ்ட் --வெர்ஷன்ஸ் > வெர்ஷன்ஸ்.டிஎக்ஸ்டி
ப்ரூ லிஸ்ட் --பின்ட் > பின்ட்.டிஎக்ஸ்டி
ப்ரூ லீவ்ஸ் > லீவ்ஸ்.டிஎக்ஸ்டி
ப்ரூ சர்வீசஸ் லிஸ்ட் > சர்வீசஸ்.டிஎக்ஸ்டி
ப்ரூ டேப் > டேப்.டிஎக்ஸ்டி
ப்ரூ இன்ஃபோ --ஜேசன்=வி2 --இன்ஸ்டால்ட் > எல்லாம்.ஜேசன்

கடைசி ஃபைல் பெரிதாக இருக்கும், படிக்கவும் வசதியாக இருக்காது. ஆனால் எது நீங்கள் கேட்டு நிறுவியது, எது இன்னொன்றுக்குத் துணையாக வந்தது என்பது வரை அதில் பதிந்திருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு சந்தேகம் வந்தால் அதுதான் பதில் சொல்லும்.

டேப் என்பது ஹோம்ப்ரூவின் முதன்மைப் பட்டியலுக்கு வெளியே நீங்கள் சேர்த்துக்கொண்ட கூடுதல் பட்டியல். அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டெர்ராஃபார்ம் 2023-ல் உரிமத்தை மாற்றியதிலிருந்து ஹோம்ப்ரூவின் முதன்மைப் பட்டியலில் 1.5.7-ஓடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அதைத் தயாரிக்கும் ஹாஷிகார்ப்பின் டேப் வேண்டும். மாங்கோடிபியும் அதன் சொந்த டேப்பிலிருந்துதான் வரும். டேப் எதுவென்று தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது, அல்லது பழையது கிடைக்கும்.

வெர்ஷன் பட்டியலை ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். பெயரில் @ குறியுடன் பழைய எண் இருந்தால் நிறுத்திப் படியுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1-க்கான ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது, ஹோம்ப்ரூவும் பின்னர் அதை முடக்கிவிட்டது. முடக்கியதை ப்ரூ இன்ஸ்டால் மறுத்துவிடும். அப்படி ஏதாவது உங்கள் மேக்கில் இருந்து, உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் தேவைப்பட்டால், அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டுங்கள். அது போனால் சுலபமாக வராது.

5. டேட்டாபேஸ்: இங்கே அவசரம் கூடாது

ஹோம்ப்ரூ வழியாக வந்த டேட்டாபேஸ்கள் தங்கள் டேட்டாவை /ஆப்ட்/ஹோம்ப்ரூ/வார் ஃபோல்டருக்குள் வைக்கும். முதலில் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பாருங்கள்:

டியூ -எஸ்ஹெச் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/வார்/*

விருதுநகர்ப் பையனுக்கு நடந்தது இந்த ஃபோல்டரில்தான். ஹோம்ப்ரூவின் அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வார், ஈடிசி ஆகிய ஃபோல்டர்களை அழிக்காது. ஓடி முடிந்ததும், “இவை அழிக்கப்படவில்லை, வேண்டுமானால் நீங்களே நீக்கிக்கொள்ளலாம்” என்ற பொருளில் ஒரு பட்டியலைக் காட்டும். மீதி எல்லாம் போய்விட்டது, இது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அவன், கேள்வி கேட்காமல் அழித்துவிடும் ஆர்எம் -ஆர்எஃப் கட்டளையைக் கொடுத்துவிட்டான். ஸ்கிரிப்ட் தெரிந்தேதான் அதை விட்டுவைத்தது. மிச்சம் மீதி என்று அவன் நினைத்த ஃபோல்டர்தான் அவனுடைய டேட்டா.

டேட்டாபேஸை இரண்டு விதமாக எடுக்க வேண்டும், இரண்டுக்கும் வரிசை உண்டு. டம்ப் என்பது டேட்டா முழுவதையும் டேட்டாபேஸிடமே கேட்டு ஒரே ஃபைலில் எழுதி வாங்குவது. அதை எடுக்க சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஃபோல்டரைப் பிரதி எடுக்க சர்வர் நின்றிருக்க வேண்டும். ஆகவே டம்ப் முதலில், ஃபோல்டர் பிறகு. வரிசையை மாற்றினால் ஏற்கெனவே நிறுத்திய சர்வரை மறுபடி கிளப்ப வேண்டியிருக்கும். அதைவிட மோசம், சர்வர் ஓடும்போதே ஃபோல்டரைப் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. பாதி எழுதிய நிலையில் பிடித்த அந்தப் பிரதியை நம்ப முடியாது.

போஸ்ட்கிரெஸ் டம்ப்:

பிஜி_டம்ப்ஆல் > போஸ்ட்கிரெஸ்.எஸ்க்யூஎல்

தனித்தனி டேட்டாபேஸை மட்டும் எடுக்கும் பிஜி_டம்ப் பலருக்குப் பழக்கம். இந்த வேலைக்கு அது போதாது, ஏனென்றால் டேட்டாபேஸின் யூசர் கணக்குகள் அதில் வராது. பிஜி_டம்ப்ஆல் அவற்றையும் சேர்த்து எடுக்கும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வார் ஃபோல்டரில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16 என்று இரண்டு இருந்தால், மேலே உள்ள கட்டளை அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும்தான் எடுக்கும். பழைய ப்ராஜெக்ட்டின் டேட்டா 14-ல் தூங்கிக்கொண்டிருக்கலாம். 16-ஐ நிறுத்தி, 14-ஐ ஓடவிட்டு, 14-க்கே உரிய டம்ப் கருவியால் எடுங்கள்:

ப்ரூ சர்வீசஸ் ஸ்டாப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16
ப்ரூ சர்வீசஸ் ஸ்டார்ட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14
/ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14/பின்/பிஜி_டம்ப்ஆல் > போஸ்ட்கிரெஸ்14.எஸ்க்யூஎல்

முழுப் பாதை எதற்கு? சர்வரைவிடப் பழைய வெர்ஷன் டம்ப் கருவி, வெர்ஷன் பொருந்தவில்லை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். அதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கட்டளை தோற்றாலும் > குறி ஃபைலை உருவாக்கிவிடும். ஃபோல்டரைத் திறந்தால் போஸ்ட்கிரெஸ்.எஸ்க்யூஎல் என்று ஒரு ஃபைல் அழகாக உட்கார்ந்திருக்கும், அளவு 0 பைட். பெயரைப் பார்த்துத் திருப்தியாகி அடுத்த வேலைக்குப் போனவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு டம்ப்புக்குப் பிறகும் எல்எஸ் -எல்ஹெச் கொடுத்து அளவைப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல் டம்ப்:

மைஎஸ்க்யூஎல்டம்ப் -யூ ரூட் -பி --ஆல்-டேட்டாபேஸஸ் --ரூட்டீன்ஸ் --ஈவண்ட்ஸ் > மைஎஸ்க்யூஎல்.எஸ்க்யூஎல்

--ரூட்டீன்ஸ், --ஈவண்ட்ஸ் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். சொல்லாவிட்டால் ஸ்டோர்டு ப்ரொசீஜர்களும் நேரம் வைத்து ஓடும் ஈவண்ட்களும் டம்ப்பில் வராது. டேபிள்கள் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் குறை உடனே கண்ணில் படாது.

மாங்கோடிபிக்கு மாங்கோடம்ப் இருக்கிறது. ரெடிஸில் பெரும்பாலும் கேஷ், அதாவது தற்காலிக டேட்டாதான் இருக்கும், போனாலும் கவலை இல்லை. அப்படி இல்லையென்றால் ரெடிஸ்-சிஎல்ஐ சேவ் கொடுத்துவிட்டு வார்/டிபி/ரெடிஸ் ஃபோல்டரில் இருக்கும் டம்ப்.ஆர்டிபி ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. செட்டிங் ஃபைல்கள்

/ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஈடிசி ஃபோல்டரில் என்ஜின்எக்ஸ், மைஎஸ்க்யூஎல், ரெடிஸ், பிஹெச்பி இவற்றின் செட்டிங்குகள் இருக்கும். எப்போதோ போர்ட் எண்ணை மாற்றியிருப்பீர்கள், லோக்கல் சர்டிஃபிகேட் போட்டிருப்பீர்கள். அது எப்படிச் செய்தோம் என்பது இப்போது நினைவில் இருக்காது. முழு ஃபோல்டரையும் எடுங்கள்:

சிபி -ஆர்பி /ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஈடிசி ~/ப்ரூ-பேக்கப்/ஈடிசி

இதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து. கூடவே ஹோம் ஃபோல்டரிலிருந்து .இசட்எஸ்ஹெச்ஆர்சி, .இசட்ப்ரொஃபைல் இரண்டும் வேண்டும். ஷெல்லுக்கு (டெர்மினலில் நாம் டைப் செய்வதை வாங்கி ஓட்டுவது) ஹோம்ப்ரூ எங்கே இருக்கிறது என்று சொல்லும் ப்ரூ ஷெல்என்வ் வரி பெரும்பாலும் இரண்டாவது ஃபைலில்தான் இருக்கும். அது போனால் எல்லாம் நிறுவியிருந்தும் “கட்டளை கிடைக்கவில்லை” என்றே வரும்.

~/லைப்ரரி/லாஞ்ச்ஏஜென்ட்ஸ் ஃபோல்டரில் ஹோம்ப்ரூ.எம்எக்ஸ்சிஎல் என்று தொடங்கும் ஃபைல்கள் இருந்தால் அவற்றையும் எடுங்கள். மேக் ஆன் ஆனதும் எந்த சர்வீஸ் தானாக ஓட வேண்டும் என்பது அவற்றில்தான் இருக்கிறது.

7. ஹோம்ப்ரூ நிறுவாத, ஆனால் ஹோம்ப்ரூவை நம்பி இருப்பவை

ஹோம்ப்ரூவின் நோட் வழியாக என்பிஎம் -ஜி கொடுத்து நிறுவியவை /ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பெயர்களை எடுத்து வையுங்கள்:

என்பிஎம் எல்எஸ் -ஜி --டெப்த்=0 > என்பிஎம்.டிஎக்ஸ்டி

பைத்தானில் அடி பலமாக விழும். ஹோம்ப்ரூவின் பைத்தானை வைத்து ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுகள் உள்ளே அந்தப் பைத்தானைச் சுட்டிக்காட்டும் இணைப்புகளை மட்டுமே வைத்திருக்கும். பைத்தானை நீக்கினாலோ, 3.11 போய் 3.12 வந்தாலோ அந்த இணைப்புகள் காற்றில் தொங்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் ஓடாது. அதனால் சுத்தம் செய்யும் முன் ஒவ்வொரு என்விரான்மென்ட்டையும் ஆக்டிவேட் செய்து, பிப் ஃப்ரீஸ் கொடுத்து அதில் நிறுவியவற்றின் பட்டியலை எடுத்து, அந்தந்த ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே வையுங்கள். இணைப்பு அறுந்த பிறகு பிப் ஓடாது, எனவே பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

8. சர்வீஸ்களை நிறுத்தி முழுப் பிரதி

இப்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்:

ப்ரூ சர்வீசஸ் ஸ்டாப் --ஆல்
ப்ரூ சர்வீசஸ் லிஸ்ட்

இரண்டாவது கட்டளையில் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மொத்த ஃபோல்டரையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டுங்கள். வெளி டிஸ்கின் பெயர் பேக்கப் என்று வைத்துக்கொள்வோம்:

சிடி /ஆப்ட்
டார் -சிஇசட்எஃப் /வால்யூம்ஸ்/பேக்கப்/ஹோம்ப்ரூ.டார்.ஜிஇசட் ஹோம்ப்ரூ

ஃபைண்டரில் இழுத்துப் போட்டால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஹோம்ப்ரூவின் உடம்பே இணைப்புகளால் ஆனது. ஹோம்ப்ரூவின் ‘பின்’ என்ற ஃபோல்டரில் தெரிபவை எல்லாம் ‘செல்லார்’ ஃபோல்டரில் இருப்பதைச் சுட்டும் சிம்லிங்க்குகள். எக்ஸ்ஃபேட் டிஸ்குக்கு சிம்லிங்க்கும் தெரியாது, யூனிக்ஸ் அனுமதிகளும் தெரியாது. டார் ஃபைலுக்குள் அவை பத்திரமாக இருக்கும்.

இந்தப் பிரதி அதே மேக்கில், அதே பாதையில் திரும்ப விரிப்பதற்கு மட்டும்தான். இன்டெல் மேக்கின் /யூஎஸ்ஆர்/லோக்கலை எடுத்து வேறு மேக்கில் /ஆப்ட்/ஹோம்ப்ரூவாக விரித்தால் ஓடாது. ஏற்கெனவே கட்டிய ப்ரோக்ராம்களுக்குள் பழைய பாதை எழுதப்பட்டிருக்கும். வேறு மேக்குக்கு ப்ரூஃபைலும் டம்ப்பும்தான் வழி.

காஸ்க் வழியாக (விண்டோவுடன் திறக்கும் மேக் ஆப்களை ஹோம்ப்ரூ நிறுவும் முறை) நிறுவிய ஆப்கள் இதில் வராது என்பதையும் கவனியுங்கள். அவை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலும் அவற்றின் டேட்டா உங்கள் லைப்ரரி ஃபோல்டரிலும் இருக்கும். டைம் மெஷின் ஓட்டுபவர்களுக்கு அது அங்கே கிடைக்கும். ஓட்டாதவர்கள் இன்றைக்கு ஒரு முறையாவது ஓட்டிவிடுங்கள்.

கடைசியாக ~/ப்ரூ-பேக்கப் ஃபோல்டரையும் டார் கட்டி அதே டிஸ்கில் போடுங்கள். பட்டியல்களை ‘கிட்’ களஞ்சியத்தில் ஏற்றி வைப்பது நல்ல பழக்கம்தான். டம்ப், ஈடிசி ஃபோல்டர் இவற்றை மட்டும் ஏற்றாதீர்கள், பாஸ்வேர்டுகள் உள்ளே இருக்கும்.

9. எடுத்தது திரும்ப வருமா என்று பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பத்து நிமிட வேலை.

முதலில் டம்ப்பின் வாலைப் பாருங்கள்:

டெயில் போஸ்ட்கிரெஸ்.எஸ்க்யூஎல்

கடைசி வரிகளில் “போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸ் க்ளஸ்டர் டம்ப் கம்ப்ளீட்” என்று இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்றால் “டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்” என்று தேதியுடன் வரும். இந்த வரி இல்லையென்றால் டம்ப் நடுவில் அறுந்திருக்கிறது. ஃபைல் 2 ஜிபி இருந்தாலும் நம்பாதீர்கள், அந்த டேட்டாபேஸை மறுபடி ஓடவிட்டு டம்ப்பை முதலிலிருந்து எடுங்கள்.

பிறகு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு டேபிளின் பெயரை டம்ப்புக்குள் க்ரெப் கொடுத்துத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் அதன் கீழே உங்கள் வரிகள் நிஜமாகவே இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வேறு டேட்டாபேஸை எடுத்திருந்தால் இங்கேதான் தெரியவரும்.

டார் ஃபைலுக்கு:

டார் -டிஇசட்எஃப் /வால்யூம்ஸ்/பேக்கப்/ஹோம்ப்ரூ.டார்.ஜிஇசட் | டெயில்

பிழைச் செய்தி இல்லாமல் ஃபைல் பெயர்கள் வந்தால் கடைசி வரை படிக்க முடிகிறது என்று பொருள். ப்ரூஃபைலுக்கு:

ப்ரூ பண்டில் செக் --வெர்போஸ் --ஃபைல்=ப்ரூஃபைல்

10. இனி சுத்தம் செய்யலாம், ஆனால் இந்த வரிசையில்

முதலில் காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றுங்கள். ப்ரூ ஆட்டோரிமூவ், வேறொன்றுக்குத் துணையாக வந்து இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றை நீக்கும். அப்படித் துணையாக வந்த ஒன்றை நீங்கள் நேரடியாகவே தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். ஹோம்ப்ரூவுக்கு அது தெரியாது. ஆகவே வெள்ளோட்டம் பாருங்கள்:

ப்ரூ ஆட்டோரிமூவ் --ட்ரை-ரன்

பட்டியலில் உங்களுக்கு வேண்டிய பெயர் இருந்தால், அது நான் கேட்டு நிறுவியது என்று பதிவு செய்யுங்கள்:

ப்ரூ டேப் --இன்ஸ்டால்ட்-ஆன்-ரிக்வெஸ்ட் பெயர்

இந்த ‘டேப்’ 4-வது படியில் வந்த டேப் இல்லை. அங்கே வந்தது தண்ணீர்க் குழாய்க்கான ஆங்கிலச் சொல், இது பிரவுசரில் திறக்கும் டேப் என்ற சொல்; கடைசி எழுத்து வேறு. இதை க்ளீனப்புக்கு முன்பே செய்ய வேண்டும். ப்ரூ க்ளீனப்பும் ப்ரூ அன்இன்ஸ்டாலும் இப்போது தாங்களாகவே ஆட்டோரிமூவை ஓட்டிவிடுகின்றன.

அடுத்து:

ப்ரூ க்ளீனப் --ட்ரை-ரன்
ப்ரூ க்ளீனப்

இது பழைய வெர்ஷன்களையும் 120 நாளுக்கு மேற்பட்ட டவுன்லோடுகளையும் நீக்கும். பல மேக்குகளில் தேவையான இடம் இதிலேயே கிடைத்துவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போதவில்லை என்றால் --ப்ரூன்=ஆல் கொடுத்து டவுன்லோடுகள் எல்லாவற்றையும் நீக்கலாம். ஆனால் 4-வது படியில் தாளில் எழுதி ஒட்டினீர்களே, முடக்கப்பட்ட அந்தப் பழைய ஃபார்முலா (ஹோம்ப்ரூ நிறுவும் கட்டளைக் கருவிகளுக்கு அதுதான் பெயர்), அதன் டவுன்லோடு ஃபைல் இன்னும் கேஷில் இருந்தால் முதலில் அதை வெளி டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ~/லைப்ரரி/கேஷஸ்/ஹோம்ப்ரூ/டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடிப் பாருங்கள்.

பிறகு, வேறு எதுவும் நம்பியிராதவற்றின் பட்டியலான லீவ்ஸ்.டிஎக்ஸ்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நீக்கும் முன் அதை யார் நம்பியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்:

ப்ரூ யூசஸ் --இன்ஸ்டால்ட் பெயர்
ப்ரூ அன்இன்ஸ்டால் பெயர்

இன்னொன்று இதை நம்பியிருந்தால் ஹோம்ப்ரூ நீக்க மறுக்கும். அப்போது --இக்னோர்-டிபெண்டன்சீஸ் கொடுத்து வற்புறுத்தாதீர்கள். மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே வரியில் பத்துப் பெயரைக் கொடுப்பதும் வேண்டாம், ஏதாவது உடைந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் மூன்று நான்கு நீக்கியதும் ப்ரூ மிஸ்ஸிங் கொடுத்துப் பார்ப்பேன். ஒன்றும் வராவிட்டால் சரி, அடுத்தது.

இரண்டு கட்டளைகளில் கை நடுங்க வேண்டும். ஒன்று, காஸ்க்கை நீக்கும்போது --சாப். ஆப்போடு சேர்த்து அதன் செட்டிங்குகளையும் டேட்டாவையும் நீக்குவதற்காகவே அது இருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப் மாதிரி உள்ளே வால்யூம்கள் (டேட்டாவைச் சேமிக்கும் இடங்கள்) வைத்திருக்கும் ஆப்களுக்கு இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு, ப்ரூ பண்டில் க்ளீனப் --ஃபோர்ஸ். ப்ரூஃபைலில் இல்லாத எல்லாவற்றையும் அது நீக்கும். போன வருடத்து ப்ரூஃபைலை வைத்து ஓட்டினால் இந்த வருடம் நிறுவியது மொத்தமும் போய்விடும்.

11. ஏதாவது உடைந்துவிட்டால்

ஒரே ஒரு ஃபார்முலா போயிருந்தால் வெர்ஷன் பட்டியலைப் பார்த்து ப்ரூ இன்ஸ்டால் கொடுத்தால் போதும். பெரிய அளவில் குழம்பிவிட்டால்:

ப்ரூ பண்டில் இன்ஸ்டால் --ஃபைல்=ப்ரூஃபைல்

பிஜி வைஃபையில் இது இரவு முழுவதும் இழுக்கலாம், ஆபீஸ் நெட்டில் செய்வது நல்லது.

டேட்டாபேஸில் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. டாரில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டர் அதே முதன்மை வெர்ஷனுக்கு மட்டும்தான் பொருந்தும். 14-ன் ஃபோல்டரை 16 திறக்காது, சர்வர் கிளம்பாமல் நின்றுவிடும். வெர்ஷன் மாறியிருந்தால் டம்ப்பிலிருந்துதான் ஏற்ற வேண்டும்:

பிஎஸ்க்யூஎல் -எஃப் போஸ்ட்கிரெஸ்.எஸ்க்யூஎல் போஸ்ட்கிரெஸ்

உங்கள் யூசர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு பிழை வரும், அது பரவாயில்லை. வேறு பிழைகள் வந்தால் நிறுத்திப் படியுங்கள்.

எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் வெளி டிஸ்கில் இருக்கும் டாரை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தொடும் ப்ராஜெக்ட் ஒன்று எல்லோரிடமும் இருக்கும், அது உடைந்திருப்பது அப்போதுதான் தெரியும். நான் இரண்டு மாதம் வைத்திருப்பேன். அதற்குப் பிறகு டாரை அழித்துவிட்டு, டம்ப்புகளையும் பட்டியல்களையும் மட்டும் வைத்துக்கொள்வேன். அவை பிடிக்கும் இடம் கொஞ்சம்தான்.